ஒரே ஒரு ஆட்சேபணை

"உலகம் பூரா கேட்டாச்சு மாமா. யாருமே பாவிக்கிறதில்லன்னு இன்னைக்கு அழிக்கலாம்னு இருந்தேன். இப்பன்னு பாத்து அழிக்காதீங்கன்னு ஒருத்தன் மெயில்ல கெளம்பி வந்திருக்கான்" என்றாள் துஷாந்தினி, மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதுளையில் வீட்டிலிருந்தபடியே லினக்ஸ் இயங்குதளத்துக்கு நிரல் எழுதுபவள் அவள். பழைய கம்ப்யூட்டர்களின் மெமரியைக் கவனிக்க ஒரு காலத்தில் எழுதிய பகுதியை நீக்குவது இப்போது அவள் பொறுப்பு.

மாமனார் இராசையா தேத்தண்ணியை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒருத்தன்தானேம்மா. கண்டுக்காம அழிச்சிட முடியாதா?"

"முடியாது மாமா. எழுத்துல ஒரு ஆட்சேபணை வந்தாலும் நிறுத்தியே ஆகணும். அன்னைக்கே சொன்னேனே."

"நல்ல சட்டமாத்தான் இருக்கு."

"பேரு கூடப் போடல. எந்த நாட்டு மியூசியத்துல ஒக்காந்திருக்கானோ. எங்க இருக்கீங்க, என்ன கம்ப்யூட்டருன்னு கேட்டு அனுப்புறேன்."

அனுப்பினாள். இராசையாவின் சட்டைப் பைக்குள் போன் 'டிங்' என்றது.

துஷாந்தினி மெதுவாக நிமிர்ந்தாள். "மாமா, நீங்களா?"

"நீ சொன்ன அதே பழைய கம்ப்யூட்டர்தாம்மா நம்ம லுணுகலை சங்கக் கந்தோர்ல ஓடுது. அது நின்னா ஆபீஸ் வேலையே நின்னுரும்."

"எதிருலயே இருக்கீங்க. வாயால சொல்லியிருக்கலாமே."

முப்பது வருசம் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த இராசையா சிரித்தார்.

"வாயால சொன்னத எந்த நிர்வாகம்மா கேட்டிருக்கு?"