சாவி வாங்க வந்தவர்

“நிறுத்துங்க. போதும் உங்க கச்சேரி.”

வாசலில் நின்ற குடியிருப்புச் சங்கச் செயலாளரைப் பார்த்ததும் மேளங்கள் எல்லாம் கப்சிப். தாளத்துக்குச் சரியாக அடியெடுத்து, அணிவகுப்பில் வருகிறவர் மாதிரி மிடுக்காக வந்திருந்தார் மனுஷன். வலது கை பேன்ட் பைக்குள். இடது கையை ஆட்டி ஆட்டித்தான் அதட்டல்.

“மாடியில என்னால ஒரு நிமிஷம் உக்கார முடியல. ஹால் சாவியைக் குடுங்க.”

தரைத்தள ஹாலில் வட்டமாக உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் பார்க்கின்சன் நோய். கை அது பாட்டுக்கு ஆடும், கால் நினைத்த இடத்தில் மக்கர் பண்ணும். கழிவறை வாசலில் பஸ் டிரைவரின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டால், மற்றவர்கள் டம் டம் என்று மேளம் தட்டி, அந்தத் தாளத்தில் காலைக் கிளப்பி அவரை உள்ளே அனுப்பிவைப்பார்கள். வெட்கம், மானம் எல்லாம் முதல் வாரத்திலேயே போயாச்சு.

“சார், இங்க இருக்கிற கொஞ்ச நேரம்தான் என் காலு என் பேச்சைக் கேக்குது,” என்றார் டிரைவர். “வீட்ல வேற யாரும் கேக்கறதில்ல.”

“வேற ஹால் எங்கயும் கிடைக்கல சார்,” என்றாள் மேளம் அடிக்கச் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட். “இதுவும் போச்சுன்னா இவங்க எல்லாம் வீட்டுல முடங்கிடுவாங்க.”

“அது என் பிரச்சினை இல்லம்மா. இனிமே ஒரு தட்டு கேக்கக்கூடாது.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சாவியைக் கொடுத்தாள். இடது கையால் வாங்கிக்கொண்டார்.

வாங்கினவர் போக வேண்டியதுதானே? நந்தி மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“கடைசி ஆளு போற வரைக்கும் காவலாம்,” என்று முணுமுணுத்தார் தையல்காரர். மேளத்தைப் பைக்குள் திணிக்க முடியாமல் அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“சத்தியமா அடிக்க மாட்டோம் சார், நீங்க கிளம்புங்க,” என்றாள் பிசியோதெரபிஸ்ட். ஆள் அசையவில்லை.

டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. “எங்களைப் போகச் சொல்லிட்டு வழியில நின்னா எப்படி சார்? படியிலயே தொங்கறவங்களை நான் காலம் பூரா பாத்தவன். ஒண்ணு உள்ள வாங்க, இல்ல இறங்குங்க.”

செயலாளரின் நெற்றியில் வியர்த்துக் கொட்டியது. வெளியே படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். மூட்டை கட்டிய மேளங்களைப் பார்த்தார். பிறகு முதல்முறையாக வலது கையை வெளியே எடுத்து, சாவியை அதற்கு மாற்றி நீட்டினார். சாவிக்கொத்து நிற்காமல் கலகலவென்று ஆடியது.

“சாவியை நீங்களே வெச்சுக்கங்க. கொஞ்சம் அடிங்க, நான் மாடிக்குப் போகணும்.”