ஆடாம இரு

இமைமுடிகளை எண்ண முடியவில்லை.

அவர் கேமராவின் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மூக்குத்தியின் ஏழு கல்லும் தனித்தனியாக மின்னின. கண் மட்டும் கலங்கிக் கிடந்தது.

"நெனச்சேன்" என்றார்.

முந்தாநாள் கோவையில் வாங்கிய எண்பத்தைந்து எம்எம் லென்ஸ். ஜூம் கிடையாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நாம்தான் கிட்டே போக வேண்டும். தள்ளுபடி என்றதும் வாங்கிவிட்டார். வாங்கிய நிமிடத்திலிருந்து சந்தேகம்.

நல்ல சரக்கை எவன் தள்ளித் தருவான்?

சந்தேகம் அவருக்குப் பிறவிக்குணம். தேங்காய் வாங்கினால் மூன்று முறை தட்டுவார். புடவை எடுத்தால் கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பார். இந்த லென்ஸுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். தூசி இல்லை. ஆனால் பெட்டியில் ஒட்டியிருந்த தாள் கொஞ்சம் கோணலாக இருந்தது. யாரோ திருப்பிக் கொடுத்ததைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

மாற்றுவதாக இருந்தால் இன்று மாலைக்குள் கொண்டு வரச் சொல்லியிருந்தார் கடைக்காரர். ஆவணி முதல் முகூர்த்தக் கல்யாணத்துக்குப் படமெடுக்க இந்த லென்ஸை நம்பித்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். தாலி ஏறும் நொடியில் பெண்ணின் கண் கலங்கலாம். படம் கலங்கக் கூடாது.

காலையில் சுவரில் செய்தித்தாளை ஒட்டி எடுத்துப் பார்த்தாயிற்று. மணமகள் தேவைப் பக்கம். இருப்பதிலேயே பொடி எழுத்து அதுதான். நாலு மூலையிலும் எழுத்து கத்திபோல் கூர்மையாக விழுந்தது. அப்போதும் அவர் மனம் ஆறவில்லை. சுவரிடம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, முகத்தில் காலை வாரும் லென்ஸ்களை அவர் பார்த்திருக்கிறார்.

அதனால்தான் அடுப்படியில் இருந்த மனைவி சாந்தாமணியைக் கூப்பிட்டு, ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வைத்தார்.

லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து எடுத்தால் ஒரு விரல் கனத்துக்குத்தான் தெளிவு இருக்கும். அந்த ஒரு விரல் அவள் கண்ணில் விழ வேண்டும். மூக்கில் விழுந்து தொலைத்தது.

இன்னொன்று எடுத்தார்.

இப்போது காதுத் தோடு பளிச்சென்று இருந்தது. கண் கலங்கல்.

"ஆடாம இரு, சாந்தாமணி."

"ஆடலைங்க."

மூன்றாவது படத்துக்கு அவள் மோவாயை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். எடுத்த பிறகுதான் அதைக் கவனித்தார். எரிச்சலாக வந்தது. படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இதென்ன, சினிமாக்காரியாட்ட? கையை எடு."

எடுத்துவிட்டாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்து இறுக்கிக்கொண்டாள்.

நான்காவதில் மறுபடி மூக்குத்தி. ஐந்தாவதில் காதோர நரை.

கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"ஃபோகஸ் கண்ணுல நிக்கவே மாட்டேங்குது. மாத்தியே ஆகோணும்."

"கொண்டாங்ணா, பாத்துக்கலாம். முன்னால விழுகுதா, பின்னால விழுகுதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

பார்த்தார். மூக்குத்தி கண்ணுக்கு முன்னால். தோடு கண்ணுக்குப் பின்னால்.

அவர் கை நின்றது.

கெட்ட லென்ஸுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முன்னால் தவறினால் எப்போதும் முன்னால்தான் தவறும். ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால் என்று எந்த லென்ஸும் மனம் மாறாது.

சந்தேகம் தன் கைப்பக்கம் திரும்பியது. வயது நாற்பத்தெட்டு. நடுங்கினாலும் நடுங்கும். கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி இறுக்கினார். அவள் கண்ணில் குறி வைத்து, விரலை எடுக்காமல் ஒரே மூச்சில் பன்னிரண்டு படம்.

பிறகு அவற்றைத் திரையில் வேகமாகத் தள்ளிப் பார்த்தார்.

ஜன்னல் கம்பி அசையவில்லை.

மூக்குத்தி அசைந்தது. இடப்பக்கம். வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். நூல் அளவு. யாரோ எதையோ கேட்டுக்கொண்டே இருக்க, அவள் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பதுபோல.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் விரல்களை வெளுத்துப்போகும் அளவுக்குக் கோத்திருந்தாள்.

மூன்றாவது படத்தைத் தேடி எடுத்தார். மோவாயைக் கையில் தாங்கியிருந்த படம்.

இரண்டு கண்களும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு இமைமுடியும் இருந்தது. கருவிழிக்குள் ஜன்னல்கூட இருந்தது.

அது போஸ் இல்லை. ஆடும் தலையை நிறுத்தத் தாங்கிய கை.

இருபத்திரண்டு வருடமாக ஊரார் வீட்டுப் பெண்களின் முகத்தை உற்று உற்றுப் பார்த்துப் பிழைத்தவர். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேலே பயமாக இருந்தது.

ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் எதிரில் குந்தினார். இவ்வளவு கிட்டத்தில் அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை.

"எப்பருந்து?"

எது என்று அவள் கேட்கவில்லை.

"மாசியிலருந்துங்க. முகூர்த்தம் மேல முகூர்த்தமா இருந்துச்சு, நீங்களும் வூடு தங்கலை."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"ஆடி பொறந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க லென்ஸு வாங்கப் போயிட்டீங்க."