கீழ்த்தட்டு வேண்டாம்

"நான் நின்னுண்டிருக்கேன். நீங்க சட்டமா உட்கார்ந்துண்டு புடவை காட்டறதாவது? எழுந்திருங்கோ!"

வலது காலைத் தாங்கியபடி விரிப்பில் சம்மணம் போடப் போன இசக்கிமுத்து பாதியிலேயே நிமிர்ந்தான். பனகல் பார்க் பக்கத்து ஜவுளிக்கடையில் பதினெட்டு வருஷமாகப் புடவை விரிக்கிறவன். யாரும் அவனிடம் இப்படிப் பேசியதில்லை.

பேச்சைக் கேட்டால் மயிலாப்பூர் அம்மாள். ஐம்பது தாண்டியிருக்கும். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"மகாராணி வந்துகீது, உசாரு," என்று பக்கத்து விரிப்பிலிருந்து கிசுகிசுத்தான் வலியுல்லா.

வாசலில் தீபாவளி லோடு லாரி நின்றது. நாற்பது பேல், இறுக்கிக் கட்டிய துணி மூட்டைகள்.

"சும்மா இருக்கவன் பூராப் பேரும் வாங்கல! பேலை மாடிக்கு ஏத்தணும்!" முதலாளி அய்யாதுரை அண்ணாச்சியின் குரல். வலியுல்லா எழுந்து போனான்.

இசக்கிமுத்துவுக்கு முதுகெலும்பில் நரம்பு மாட்டிக்கொண்டிருக்கிறதாம். இடுப்பில் தொடங்கி வலது கால் சுண்டுவிரல் வரை நெருப்பாக இழுத்தது. 'ஒரு மாசம் பாரம் தூக்காதே. தூக்கினா கால் விழுந்துடும்' என்று டாக்டர் சொல்லி நாலு நாள்தான் ஆகிறது. கடையில் மூச்சுவிடவில்லை. கூட வேலை பார்த்த கருணாகரனைத் தோள்பட்டை நகர்ந்ததும் அண்ணாச்சி போன மாசம்தான் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பிவைத்திருந்தார்.

வாடிக்கைக்காரர் முன்னால் நிற்கிறவனை மட்டும் அண்ணாச்சி கூப்பிடமாட்டார். அது கடைச் சட்டம். இந்த அம்மாள் நகர்ந்தால் அடுத்த நிமிஷம் முதுகில் பேல்.

அம்மாள் நகர்கிற வழியாக இல்லை.

"கீழ்த்தட்டு வேண்டாம். எல்லாம் பழைய சரக்கு. மார் உயரத்துல இருக்கறதை எடுங்கோ."

ஒரு நைலக்ஸ் புடவை நழுவி விழுந்தது. குனியப் போனான்.

"விடுங்கோ! நான் பேசிண்டிருக்கச்சே தரையில என்ன தேடல்?"

கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் இப்படிக் கால் மாத்தி மாத்தி ஆடறேள்? பார்க்கவே எரிச்சலா வர்றது. ஒரு காலைத் தூக்கி அந்த முக்காலி மேல வெச்சுண்டு நில்லுங்கோ."

வைத்தான். அவமானத்தில் காது சுட்டது.

தோளில் பேலோடு கடந்துபோன வலியுல்லா சிரித்தான். "இன்னா நைனா, ஒத்தக் கால்ல நின்னுகினு தவமா?"

ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் ஒன்றரை. அறுபது புடவை பிரித்தாகிவிட்டது. ஒன்றுமே அம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் இசக்கிமுத்து கவனித்தான். காலையிலிருந்து சுண்டுவிரல் வரை கொதித்துக்கொண்டிருந்த நெருப்பு முழங்காலுக்கு ஏறி, தொடைக்கு ஏறி, இடுப்பில் ஒரு சின்னப் பொட்டாக ஒடுங்கியிருந்தது. நாலு நாள் மாத்திரை செய்யாத வேலை. தன் காலையே யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

வலியுல்லா வியர்வையைத் துடைத்தபடி விரிப்புக்குத் திரும்பினான்.

"லோடு ஏத்தியாச்சா?" என்று அவனைக் கேட்டாள் அம்மாள்.

"ஆச்சு மாமி. அல்லாம் மேல போயிடுச்சு."

"அப்ப நான் கிளம்பறேன்."

ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை.

"பொழுது போவாம வந்துகீது. உன் தலையெழுத்து," என்றான் வலியுல்லா.

இசக்கிமுத்து வாசலுக்கு ஓடினான். அம்மாள் படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. தாங்கிப் பிடிக்கக் குனிந்தான்.

"குனியாதீங்கோன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்கு வலது கால், இல்லையா? எனக்கு இடது."