அட்மிரல் போட்ட ஆர்டர்

மிக்ஸி ஜார் பறந்து வந்து சுபாஸ்ரீயின் புருவத்தைக் கிழித்துவிட்டுச் சுவரில் மோதியது. அரைத்தும் அரையாத தேங்காய்ச் சட்னி சமையலறைத் தரையெங்கும் சிதறியது.

அவள் செய்த குற்றம், மிக்ஸி போடுவதற்காக ஒரு பிளக்கைப் பிடுங்கியது. அது வைஃபை பெட்டியின் பிளக். நெட் போன நேரத்தில், பக்கத்து அறையில் கணவன் பிரசன்னா விளையாடிக்கொண்டிருந்த கேமில் அவனுடைய நீர்மூழ்கிக் கப்பலை எதிரி அடித்துவிட்டான்.

வாரம் முழுக்க ஹைதராபாத் மாதாப்பூர் ஆபீசில் மேனேஜருக்குத் தலையாட்டுகிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அட்மிரல் பதவி. மேஜைக்கு மேலே டோனிட்ஸின் படத்தை மாட்டி வைத்திருந்தான். ஹிட்லரின் நீர்மூழ்கிக் கப்பல்களை நடத்திய தளபதி. ஹிட்லர் செத்தபிறகு சில வாரங்கள் ஜெர்மனிக்கே தலைவராக இருந்த ஆள். மூழ்கடித்த கப்பலிலிருந்து தண்ணீரில் விழுந்து தத்தளிக்கிறவர்களைக் காப்பாற்றக் கூடாது என்று அவர் போட்ட ஆர்டர்தான் பிரசன்னாவுக்கு ரொம்பப் பிடித்தது.

அதையே வீட்டுக்கும் சட்டமாக்கினான். அம்மா கீழே விழுந்தால் மகள் மஹதி கிட்டே போகக் கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சோபா பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒருமுறை அவனே, "போ அம்முணி, அம்மாவத் தூக்கி விடு" என்று கொஞ்சினான். குழந்தை நம்பி ஓரடி வைத்தது. அது டெஸ்ட்டாம். லைட்டை அணைத்துப் பாத்ரூமில் பூட்டி வைத்தான்.

மகள் மேல் இதுவரை ஒரு விரல்கூடப் பட்டதில்லை என்று சொந்த ஊரான ஈரோட்டுக்குப் போகும்போதெல்லாம் பெருமை பேசுவான்.

இப்போதும் மஹதி சோபா பக்கத்தில்தான் நின்றாள். ஆறு வயது.

பிரசன்னா சுபாஸ்ரீயின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். வயிற்றில் உதைத்தான். அவளுக்கு மூச்சே வரவில்லை. பக்கத்து பிளாட்டில் டிவி சத்தம் கூடியது. இந்த வீட்டில் அடி விழும்போதெல்லாம் அது கூடும்.

இன்னொரு உதைக்குக் காலை ஓங்கினான். ஊன்றிய கால் சட்னியில் வழுக்கியது.

கிரானைட் மேடையின் விளிம்பில் அவன் பின்மண்டை மோதிய சத்தம் தேங்காய் உடைவது போலவே இருந்தது.

எழப் பார்த்தான். கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. ரத்தம் சட்னியோடு கலந்து பரவியது. அவனுடைய போன் சோபாவில், மஹதிக்குக் கை எட்டும் தூரத்தில் கிடந்தது.

"அம்முணி, அந்தப் போனை எடுத்துட்டு வா. அப்பா செத்துருவேன்."

மஹதி அசையவில்லை.

கத்தினான். கெஞ்சினான். கடைசியில் அழுதான். ஹைதராபாத் வந்ததிலிருந்து அவன் அழுது அந்த வீடு பார்த்ததில்லை.

குழந்தை மாட்டேன் என்று வேகவேகமாகத் தலையாட்டியது. "நக்கோ டாடி. இது டெஸ்ட். ஐ நோ."

சுபாஸ்ரீ தரையில் கிடந்தபடியே பார்த்தாள். சாகட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். பெற்ற மகள் தன் பக்கம் நிற்கிறாள் என்று மனம் குளிர்ந்தது.

பிறகுதான் மகளின் கால்களைக் கவனித்தாள். கவுன் நனைந்து சிறுநீர் தரையில் சொட்டியது. பின்னால் கட்டிய கைகளை மட்டும் குழந்தை பிரிக்கவே இல்லை. கண்கள் அப்பாவையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

உதை வாங்கியபோதுகூடச் சுபாஸ்ரீக்கு அப்படி வலிக்கவில்லை.

சுவரைப் பிடித்து எழுந்தாள். அவன் நீட்டிய கையைத் தாண்டிப் போய் மகளைத் தூக்கினாள். உடம்பு விறைத்திருந்தது. கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அப்போதும் குழந்தை அழவில்லை.

பிறகு போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டாள். விலாசம் சொன்னாள்.

எத்தனை பேருக்கு அடிபட்டிருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார்கள்.

அவள் மகளின் முதுகைத் தடவியபடியே பதில் சொன்னாள். மூன்று பேருக்கு.