மே மாதத்து ஸ்வெட்டர்

கல்லூரித் தோழிகள் மூவரும் கோடை விடுமுறைக்கு ஹைதராபாத் போவதாக இருந்தது. சார்மினார், வளையல் கடை, பிரியாணி என்று வேணி சாப்பாட்டு நேரத்தில் கணவன் தனசேகரிடம் ஒப்பித்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வரப்போவது ஸ்டெல்லாவும் பர்வீனும் மட்டுமே என்பது அவனுக்குத் தெரியாது. வேணிக்கும் மகளுக்கும் அங்கே ஒரு அறை பார்த்தாகிவிட்டது. டிசம்பரில் நன்றாகக் குளிரும் என்று பர்வீன் சொல்லியிருந்தாள்.

கிளம்பும் நேரத்தில் தனசேகர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். அடியில் குழந்தையின் ஸ்வெட்டர் இருந்தது.

"மே மாசத்துல இது எதுக்குடி?"

"ரயில்ல ஏசி குளிரும்ங்க."

அவள் போனிலேயே ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். "ஏம்மா, பாப்பாவுக்கு ஸ்வெட்டர் எதுக்கு?"

வேணி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏசி ஒத்துக்காதுண்ணா. நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன்" என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

அவனும் சிரித்தான். வேணியின் துணிகளைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்தான். குழந்தையின் துணிகளை அள்ளி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான்.

"ஒத்துக்காதுன்னா பாப்பா எங்கூடவே இருக்கட்டும். நீ ஜாலியா சுத்திட்டு வா."

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. ஷூ மாட்டிக்கொண்டு நின்ற மகள் ஓடிவந்து, "அம்மா, ஆன்ட்டிங்க வந்துட்டாங்க, வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வேணி பெட்டியின் ஜிப்பைப் பாதிவரை மூடியிருந்தாள்.