நெற்றிக்குப் பின்னால்

“நேத்து இவனைத் தரையில உட்கார வெச்சுட்டு, கதவைச் சாத்திட்டு வெளியே போய் நின்னுட்டேன் டாக்டர்.”

சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. பையன் மடியில் நிற்காமல் நெளிந்துகொண்டிருந்தான்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பவில்லை. பையனின் உள்ளங்காலை விரலால் கீறி, கால்விரல்கள் மடங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து குழந்தைகளின் அழுகையையே கேட்டு அவருக்கும் அலுத்திருந்தது.

“எதுக்கு வெளியே போனீங்க?”

“உள்ளேயே நின்னிருந்தா அறைஞ்சிருப்பேன். தூங்க மாட்டேங்குறான். ஊட்டினா துப்புறான். கையில கிடைச்சதை வீசுறான். எனக்கும் சுர்ருன்னு ஏறிடுது. வேணும்னே செய்யறான் டாக்டர்.”

“வேணும்னு செய்யற அளவுக்கு மூளை இன்னும் தயாராகலைம்மா.” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “நரம்பை ஒரு கம்பின்னு வெச்சுக்கோங்க. அது மேல கொழுப்புல ஒரு உறை சுத்தணும். மயலின்னு பேரு. அதைச் சுத்தறதுக்குன்னே மூளையில செல்லுங்க இருக்கு, சுத்து மேல சுத்தாப் போடும். உறை ஏறினாத்தான் சேதி வேகமாப் போகும். பார்க்கறது, கைகால் அசைக்கறது, அதுக்கெல்லாம் சீக்கிரமே ஏறிடும். கோபத்தை அடக்கறது, யோசிச்சுச் செய்யறது எல்லாம் நெத்திக்குப் பின்னால இருக்கு. அங்கே கடைசியிலதான்.”

“கடைசின்னா, பள்ளிக்கூடம் போறதுக்குள்ள வந்துடுமா?”

“நல்லா கேட்டீங்க. இருபது வயசு தாண்டியும் ஏறிக்கிட்டே இருக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

“அதுவரைக்கும் என்ன செய்யறது?”

“பெரியவங்க யாராவது கூடவே பொறுமையா இருக்கணும். அவனுக்கும் சேர்த்து அவங்கதான் நிதானமா இருக்கணும். கதவைச் சாத்திட்டு வெளியே போனீங்க பாருங்க, அது தப்பில்ல. அறையறதுக்கு அது எவ்வளவோ மேல்.”

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் கண் கலங்கிவிட்டது. முகக்கவசத்தைக் கீழே இறக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“வீட்ல நானும் என் புள்ளையும்தான் டாக்டர். பெரியவங்கன்னு யாரும் இல்ல.”

“அதான் நீங்க இருக்கீங்களே…” என்றபடி நிமிர்ந்த டாக்டர், முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“உனக்கு என்ன வயசும்மா?”

“வர்ற மாசம் வந்தா பதினேழு, டாக்டர்.”