கறுப்புப் பட்டன்

"விடையைச் சொல்லிடுங்க டீச்சர். இல்லேன்னா இன்னியோட இந்த வகுப்பை இழுத்து மூடிடுவேன், ஆமா!" என்றார் மேலாளர்.

ஓவிய டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கணினிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க சார்" என்றாள்.

இந்தப் பல்லவியைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. சிறுவர் கலைக்கூடம் நடத்துவது என்ன லேசுப்பட்ட காரியமா? பெற்றோருக்குப் பதில் சொல்லியே பாதி ஆளாகிவிட்டார் மனிதர்.

வகுப்பு என்னவோ நல்ல வகுப்புதான். தொலைவில் இருக்கும் பெரிய மியூசியம் ஒன்றை அறை அறையாகச் சுற்றிலும் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அம்புக்குறியை அழுத்தி அழுத்தி உள்ளே நடக்கலாம். சிலைகள், வாள்கள், ராஜா உட்கார்ந்த நாற்காலி எல்லாம் பார்க்கலாம். படம் பிடித்த அன்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் கொட்டாவி விட்டபடி அப்படியே நிற்கும். பிள்ளைகள் உள்ளே சுற்றிவிட்டு வந்து வரைய வேண்டும்.

அங்கேதான் டீச்சரின் கிறுக்குத்தனம். சிலையையோ வாளையோ வரையச் சொல்ல மாட்டாள். ஒரு சிறுமியின் படத்தைத் தானே வரைந்து பலகையில் ஒட்டியிருந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு, ஒரு காலில் மட்டும் இறங்கிப்போன காலுறை. "இவ அந்தக் கூட்டத்துல எங்கேயோ இருக்கா. தேடுங்க. தேடின மூலையை அப்படியே வரைஞ்சு குடுங்க" என்பாள்.

சுவர் முழுக்க அந்த மூலைகள்தான். பெஞ்சுக்கு அடியில், திரைக்குப் பின்னால், மாடிப்படி வளைவில். ஒன்றிலும் அந்தச் சிறுமி இல்லை. மழை பெய்கிற நாளில் அந்த அறைக்குள் நுழைந்தாலே மேலாளருக்கு மனசு என்னவோ செய்யும்.

"ஒரு பிள்ளைகூட இதுவரைக்கும் கண்டுபிடிக்கலை. வீட்டுக்குப் போய் அழறாங்க. பெத்தவங்க போன் போட்டு என்னைக் கிழிக்கிறாங்க. எந்த ரூம்ல இருக்கான்னு என் காதுலயாவது போட்டு வைங்களேன்!"

"பசங்களே கண்டுபிடிக்கட்டும் சார்."

"உலகத்துல வேற மியூசியமே இல்லையா? வந்து சேர்ந்த நாள்லேர்ந்து இதையே கட்டிக்கிட்டு அழறீங்க."

"இதுவும் இன்னியோட சரி. கட்டடத்தைப் புதுப்பிச்சுட்டாங்களாம். நாளைக்குப் பழைய படத்தையெல்லாம் தூக்கிட்டுப் புதுசு போடறாங்க."

மேலாளருக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. காட்டிக்கொள்ளாமல் பலகைப் படத்தை உற்றுப் பார்த்தார். "எல்லா பட்டனும் மஞ்சள், மேல் பட்டன் மட்டும் கறுப்பு. வரையறப்போ எங்க ஞாபகம் உங்களுக்கு?"

"அது அப்படித்தான் சார். மஞ்சள் கோட்டு யார் வேணா போடுவாங்க. அந்தப் பட்டனை வெச்சுத்தான் அடையாளம் தெரியும்."

பிள்ளைகள் நனைந்த குடைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். வழக்கமாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள் இன்று மேஜைக்கு மேஜை பதறிக்கொண்டு நடந்தாள். "பெரியவங்க மாதிரி மேலயே பாக்காதீங்க. கீழே பாருங்க. கண்ணாடியில விழற உருவத்தையும் விட்டுடாதீங்க."

"ஒரே ஒரு க்ளூ குடுங்க டீச்சர்!" என்றாள் வகுப்பிலேயே பெரிய வாயாடி.

"தெரிஞ்சா குடுக்க மாட்டேனா கண்ணு?"

எல்லாரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார்.

வகுப்பு முடிந்து பெற்றோர் வந்து கூப்பிட, பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மேலாளர் கணினிகளை அணைத்துக்கொண்டே வந்தார். இன்னும் கிளம்பாமல் தேடிக்கொண்டிருந்த வாயாடியின் கணினிக்கு அவர் கை போனபோது டீச்சர் குறுக்கே வந்து நின்றாள். "சார், கையெடுத்துக் கும்பிடறேன். இன்னும் கொஞ்ச நேரம்."

'இதென்ன, ஒரு விளையாட்டுக்குப் போய் இந்தப் பாடு!' அவருக்கு எரிச்சலாக வந்தது.

"டீச்சர்! இங்க வாங்க, இங்க வாங்க!" வாயாடி நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். "நாணயம் வெச்சிருக்கற கண்ணாடிப் பெட்டியைப் பாருங்க. அதுல தெரியறா! மஞ்சள் கோட்டு! யாரோ ஒரு மாமா கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. கறுப்பு பட்டன் டீச்சர்! நான்தான் ஜெயிச்சேன்!"

மேலாளர் கைதட்டினார். "சபாஷ்! ஏன் டீச்சர், வேணும்னே இவ்வளவு கஷ்டமான இடத்தையா தேர்ந்தெடுப்பீங்க? முதல்லயே என்கிட்ட சொல்லியிருந்தா இத்தனை பேச்சு எதுக்கு?"

டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கே விடை தெரியாது சார். போலீசும் பாத்தாங்க, நானும் கண்ணு பூத்துப்போற வரைக்கும் பாத்தேன், கிடைக்கலை. மஞ்சள் பட்டன் இல்லைன்னு கறுப்பைத் தைச்சு, கோட்டை மாட்டி, இந்தப் படம் பிடிச்ச அன்னிக்கு ஸ்கூல் பஸ்ல அந்த மியூசியத்துக்கு நான்தான் அனுப்பி வெச்சேன். சாயங்காலம் எல்லாப் பிள்ளைங்களும் திரும்பி வந்தாங்க, என் பொண்ணைத் தவிர."

அவள் வாயாடியின் பக்கம் குனிந்தாள். "கண்ணு, எனக்குக் கண்ணை மறைக்குதுடா. அந்த மாமா முகம் தெரியுதான்னு நீயே பாத்துச் சொல்லு."